விக்டரி கப்பலைக் கட்ட 6 வருடம் ஆனது மெத்தனத்தாலா?

'1759-ல் ஆரம்பித்த விக்டரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை 1765-ல்தான் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள், அரசாங்க வேலை அங்கேயும் இப்படித்தானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு கட்டி நொந்துபோனவர் போலிருக்கிறது. நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை, இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

அப்பா அறுத்து வந்த பலகையில் உடனே கை வைக்க மாட்டார். கொல்லைக் கொட்டகையில், நடுவே ரீப்பர் கட்டை கொடுத்து, காற்றுப் புகும்படி அடுக்கிவிடுவார். வேலை கொடுத்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். 'பச்சை மரத்துல நிலை செஞ்சா ஒரு மழைக்கே முறுக்கிக்கும், பரவாயில்லையா?' என்பார். முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

விக்டரிக்கும் அதுதான் நடந்தது. இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் கட்டும் தளத்தில் சுமார் 6,000 மரங்களை, பெரும்பாலும் ஓக், வெட்டிச் சேர்த்துக் கட்டினார்கள். கப்பலின் எலும்புக்கூடு போன்ற மரச்சட்டம் எழும்பிய சமயம், பிரான்ஸோடு நடந்துகொண்டிருந்த போரில் பிரிட்டன் கை ஓங்கிவிட, அவசரம் போய்விட்டது. வழக்கமாகச் சில மாதங்கள் காயவிடும் மரச்சட்டத்தை, மேலே மூடிப்போட்டு, ஏறக்குறைய 3 வருடம் விட்டுவிட்டார்கள். யாரும் ஞானத்தால் செய்ததல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மரம் நன்றாகக் காய்ந்தது. 1805-ல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனைச் சுமந்தபோது அது தண்ணீரில் இறங்கி 40 வருடம் ஆகியிருந்தது.

'நடுவில் பெரிய பழுதுபார்ப்பு நடந்ததே, இன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்பதில் பெரும்பகுதி மாற்றிய மரம்தானே' என்று ஒருவர் வருவார். தெரியும் ஐயா. காய்ந்த மரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1810-ல் இறக்கிய குயீன் ஷார்லட்டையும் பாருங்கள். அதுவும் 104 பீரங்கிக் கப்பல்தான். பணிக்குப் போகும் முன்பே பூஞ்சை பிடித்து உளுத்துப்போய், மறுபடி பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

அப்பா போன பிறகு நான் வீடு கட்டினேன். காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, 'நல்லா சீசன் ஆன மரம் சார்' என்றார். இழைக்கும்போதே சுருள் ஈரமாக வந்தது. கேட்டதற்கு, 'இப்போல்லாம் யார் சார் காய வைக்கிறாங்க, பாலிஷ் போட்டா சரியாயிடும்' என்றார். ஐப்பசி வந்தால் பின்கதவைத் தோளால் இடித்துத்தான் சாத்துகிறோம். கடைசித் தவணை வாங்கியதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கினாரே, அதற்கு இன்றுவரை பில்லும் வரவில்லை.