செல்லைக் காப்பதும் கொல்வதும் ஒரே என்சைமா? வாசகர் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் கடைமடையில் நெல் போடுகிறேன். தண்ணி தாமதமானால் ஒரு வயல் தேறுகிறது, பக்கத்து வயல் கருகுகிறது. பயிருக்குள் என்ன நடக்கிறது?

ஐயா, செல்லைச் சுற்றியுள்ள சவ்வு பெரும்பாலும் கொழுப்பால் ஆனது. ஈரம் குறைந்ததும் பாஸ்போலிபேஸ் டி என்ற என்சைம் அந்தக் கொழுப்பின் தலைப்பகுதியை வெட்டிவிடும், மிஞ்சுவது பாஸ்பாட்டிடிக் அமிலம். இலைத்துளை மூடவிடாமல் தடுக்கும் ஏபிஐ1 என்ற புரதத்தை இந்த அமிலம் பிடித்து நிறுத்துவதால் துளை மூடிக்கொள்கிறது, தண்ணீர் மிச்சமாகிறது. ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதைக் காட்டியிருக்கிறார்கள். நெல்லிலும் இந்த என்சைம் குடும்பம் உண்டு. ஆனால் வறட்சி நீண்டால் வெட்டுவது நிற்காது, சவ்வே சிதைந்து உள்ளிருக்கும் உப்புகள் கசிந்துவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணி கட்டினாலும் அந்தச் செல் மீளாது. அதனால் வயலைக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையைச் செய்யும்போது மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதுமே மடையைத் திறந்துவிடுங்கள், கதிர் வரும் நேரத்தில் காயவே விடாதீர்கள்.

முதுகலை மாணவி, மதுரை: ஒரு ஆய்வுக் கட்டுரை பாஸ்போலிபேஸ் டி செல்லைக் காப்பாற்றுகிறது என்கிறது, இன்னொன்று கெடுக்கிறது என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும்தான், ஏனென்றால் அது ஒரே என்சைம் இல்லை, ஒரு குடும்பம். டெல்டா வகையை நீக்கிய அராபிடாப்சிஸில் ஹைட்ரஜன் பெராக்சைடு கூடுதல் செல்களைக் கொன்றது (2003), ஆல்ஃபா1 வகையைக் குறைத்த செடியோ உறைகுளிரை நன்றாகவே தாங்கியது (2002). எந்த வகை, எந்த நெருக்கடி (வறட்சியா, குளிரா), எவ்வளவு நேரம், இந்த மூன்றையும் சொல்லாத முடிவை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் 1-பியூட்டனால் வைத்துச் சோதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்சைம் தண்ணீருக்குப் பதில் அந்த ஆல்கஹாலை எடுத்துக்கொள்வதால் பாஸ்பாட்டிடிக் அமிலம் குறையும், சரி, ஆனால் அந்த ஆல்கஹால் செல்லுக்குச் சட்டகமாக இருக்கும் நுண்குழல்களையும் குலைக்கும். என்சைம் எடுத்துக்கொள்ளாத டெர்ட்-பியூட்டனாலைக் கட்டாயம் ஒப்பீட்டுக்கு வையுங்கள், முடிந்தால் என்சைம் நீக்கிய செடியிலும் செய்து பாருங்கள். டிரிப்பான் புளூ என்ற சாயம் போட்டு அலசிய இலையில் செத்த செல் மட்டும் நீலமாகத் தெரியும். படம் எடுத்தால் மட்டும் போதாது, எண்ணுங்கள்.

ஆசிரியர், உசிலம்பட்டி: செல் சாவது என்றாலே கேடுதானா?

இல்லவே இல்லை. தண்ணீர் நிற்கும் வயலில் ஒரு நெல் வேரைப் பிடுங்கிக் குறுக்கே வெட்டி லென்ஸில் மாணவர்களுக்குக் காட்டுங்கள், உள்ளே காற்றுப்பைகள் தெரியும். அங்கிருந்த செல்கள் செத்து வழிவிட்டதால்தான் வேர்நுனிக்கு ஆக்சிஜன் போகிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை. செராமைடு டெஸ்ட் எடுக்கலாமா? திருமங்கலம்

செராமைடும் கொழுப்புதான். அது கூடினால் செல் சாவை நோக்கிப் போகும். அதையே என்சைம்கள் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டாக மாற்றினால் பிழைக்கும் பக்கம் சாயும் என்று 1996இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குப் பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால் செராமைடு ஏறி அவை சாவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது தட்டில் வளர்த்த செல், உங்கள் அப்பா இல்லை. அந்தக் காசுக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை), கொலஸ்ட்ரால், சிறுநீரில் ஆல்புமின் இவற்றைத் தவறாமல் பாருங்கள், வருடம் ஒருமுறை கண்ணின் விழித்திரையையும் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.