நீலமா, சிவப்பா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): வீட்டில் எனக்கு இரண்டு பெடியன்கள். மூத்தவன் லிவர்பூல் (சிவப்பு), இளையவன் எவர்டன் (நீலம்). சனி, ஞாயிறு வந்தால் டிவிக்கு முன்னால் சண்டைதான். இரண்டும் இங்கிலாந்தில் ஒரே ஊர் உதைபந்தாட்டக் கழகங்கள் என்கிறார்கள். எது பெரியது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும்.

பதில்: கிண்ணத்தை எண்ணிச் சொல்வதென்றால் ஒரு நிமிட வேலைதான், அக்கா. இங்கிலாந்து லீக்கை லிவர்பூல் 20 தடவை வென்றிருக்கிறது, எவர்டன் 9 தடவை. தோற்றால் வெளியே என்று நடக்கும் எஃப்.ஏ. கிண்ணம் 8க்கு 5. ஐரோப்பாவின் பெரிய கிண்ணம் லிவர்பூலிடம் 6, எவர்டனிடம் ஒன்றும் இல்லை. லீக் கிண்ணம் என்று தனியாக ஒரு போட்டி உண்டு, அதைக்கூட எவர்டன் இன்றுவரை தொட்டதில்லை. மூத்தவர் கட்சி வென்றுவிட்டது, சரியா?

ஆனால் இளையவருக்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் முதல் பிரிவில் எவர்டன் அளவுக்கு அதிகமான பருவங்கள் ஆடிய கழகம் வேறு எதுவும் கிடையாது. 1888 இல் லீக் தொடங்கியபோதே உள்ளே இருந்தவர்கள், அதிலிருந்து நான்கே நான்கு பருவங்கள்தான் கீழே போயிருக்கிறார்கள். ஒரே பருவத்தில் 60 லீக் கோல் அடித்த டிக்ஸி டீன் எவர்டன்காரர். அது 1927-28 இல் நடந்தது, முதல் பிரிவில் அந்தக் கணக்கை இன்னும் ஒருவராலும் நெருங்க முடியவில்லை. அப்புறம், லிவர்பூல் என்ற கழகம் பிறக்கும் முன்பே எவர்டன் சாம்பியன், அதுவும் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஆடி! இதை இளையவரிடம் சொல்லிவையுங்கள், மூத்தவரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நான் சின்ன வயதிலிருந்தே லிவர்பூல் ஆதரவாளன். இந்தப் பக்கத்தில் எவர்டனைப் பற்றி நல்லதாக நிறைய வரப்போகிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (பம்பலப்பிட்டி வாசகர்): போன இதழில் "ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்டன்தான்" என்று எழுதியிருந்தீர்கள். ஆன்ஃபீல்ட் லிவர்பூலின் மைதானம் அல்லவா? அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை. இது ஒரு வாடகைச் சண்டையின் கதை. கொழும்பில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1878 இல் லிவர்பூல் நகரத்தில் சென். டொமிங்கோ என்ற மெதடிஸ்த தேவாலயத்துப் பெடியன்கள், கோடையில் கிரிக்கெட் ஆடுகிறோம், குளிர்காலத்தில் என்ன செய்வது என்று உதைபந்தாட்டம் ஆடத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் வெளியாட்களும் சேர வர, அந்தப் பகுதியின் பெயரையே வைத்து எவர்டன் ஆனார்கள். 1884 இல் ஆன்ஃபீல்ட் வீதியில் ஒரு நிலத்தை வாடகைக்கு எடுத்தார்கள். அதை ஒழுங்கு செய்து கொடுத்தவர் ஜோன் ஹோல்டிங். பியர் வடிக்கும் தொழிலதிபர், உள்ளூர் அரசியல்வாதி, கழகத்தின் தலைவரும் அவர்தான். கொஞ்ச நாளில் அந்த நிலத்தையே அவர் வாங்கிக்கொண்டார். ஆக, தலைவரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

எவர்டன் வளர்ந்தது, மைதானத்துக்குக் கூட்டம் வந்தது, கூடவே வாடகையும் ஏறியது. 100 பவுணில் தொடங்கியது 250 வரை போனது. விளையாட்டு வீரர்கள் உடை மாற்றுவதுகூட ஹோல்டிங்கின் சண்டன் ஹோட்டலில்தான். தேவாலயத்திலிருந்து வந்த கழகம் ஒரு பியர் முதலாளியின் கைக்குள் இருப்பது பலருக்குப் பிடிக்கவில்லை. 1891 இல் லீக் பட்டம் வென்ற மகிழ்ச்சியும் அந்தப் புகைச்சலை ஆற்றவில்லை. கடைசியில் 1892 இல், தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த ஜோர்ஜ் மேஹன் தலைமையில் பெரும்பான்மையினர் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் நிலத்தைப் பிடித்துக் குடிசன் பார்க் மைதானத்தைக் கட்டினார்கள். அந்த ஓகஸ்டிலேயே அது திறக்கப்பட்டுவிட்டது.

ஹோல்டிங்கிடம் மிஞ்சியது ஆளில்லாத மைதானம். எவர்டன் என்ற பெயரையாவது வைத்துக்கொள்ளப் பார்த்தார், அனுமதி கிடைக்கவில்லை. சரி, வேறு கழகமே தொடங்குவோம் என்று தொடங்கியதுதான் லிவர்பூல். ஆட்களுக்கு ஸ்கொட்லாந்துக்குப் போனார்கள். "மக்" என்று தொடங்கும் பெயர்கள் அந்த அணியில் அவ்வளவு இருந்தன. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், லிவர்பூல் முதலில் அணிந்தது நீலமும் வெள்ளையும்தான். சிவப்பு நாலைந்து வருடம் கழித்துத்தான் வந்தது. 1894 ஒக்டோபரில் லீக்கில் முதல் முறை மோதினார்கள், குடிசனில், எவர்டன் 3-0. வீட்டுக்காரரின் அணிக்கு வெளியேறிய குடித்தனக்காரர் கொடுத்த பதில் அது.

எங்கேயோ தூரத்து எதிரிகள் என்று நினைக்காதீர்கள். இரண்டு மைதானத்துக்கும் இடையில் இருந்தது ஒரு பூங்கா மட்டும்தான். வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து பம்பலப்பிட்டிச் சந்திக்குப் போகும் தூரம்கூட இல்லை.

கேள்வி (தெஹிவளை வாசகர்): எவர்டன், லிவர்பூல் மோதலை "நட்பான டெர்பி" (டெர்பி என்றால் ஒரே ஊர் அணிகளின் ஆட்டம்) என்கிறார்கள். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் யாராவது சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு போகிறார். எது உண்மை?

பதில்: இரண்டுமே உண்மை. பிரீமியர் லீக்கில் (இன்றைய முதல் பிரிவு) அதிகமான சிவப்பு அட்டை காட்டப்பட்ட மோதல் இதுதான். மைதானத்துக்குள் நட்பெல்லாம் கிடையாது, ஒருவரையொருவர் உழுதுவிடுவார்கள். "நட்பு" என்ற சொல் ஆட்களுக்குப் பொருந்துவது, ஆட்டத்துக்கு அல்ல.

மன்செஸ்டரிலும் லண்டனிலும் எந்தப் பக்கத்தில் பிறந்தாய் என்று பார்க்கலாம். இந்த ஊரில் மதமும் பகுதியும் அப்படித் தெளிவாகப் பிரிக்கவில்லை, ஒரே வீட்டில் அப்பா நீலம், மகள் சிவப்பு. லிவர்பூலின் பெரிய பெயர்களை எடுங்கள்: இயன் ரஷ், ரொபி ஃபௌலர், ஸ்டீவ் மக்மனமன், ஜேமி கரகர், எல்லாரும் சின்ன வயதில் எவர்டன் ஆதரவாளர்கள். எவர்டனுக்கு எதிராக 25 கோல் அடித்த ரஷ்ஷே அப்படி என்றால் பாருங்கள்.

1984 இல் வெம்பிளியில் லீக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியும் முதல் முறை சந்தித்தன. ஆட்டம் கோலில்லாமல் முடிந்ததும் சிவப்பும் நீலமும் கலந்து நின்ற முழுக் கூட்டமும் தங்கள் கழகப் பெயரை விட்டுவிட்டு "மெர்சிசைட், மெர்சிசைட்" என்று தங்கள் வட்டாரத்தின் பெயரைக் கத்தியது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் அந்த ஊர் நொந்துபோய்க் கிடந்த காலம் அது, நாட்டின் மற்றப் பகுதிகள் அவர்களை ஏளனமாகப் பார்த்த காலம். அந்தச் சத்தத்துக்கு அதுதான் பொருள்.

பிறகு 1989 ஏப்ரல் 15. எஃப்.ஏ. கிண்ண அரையிறுதிகள் இரண்டும் ஒரே நேரத்தில். எவர்டன் பேர்மிங்ஹாமில் நொரிச்சை வென்று இறுதிக்குப் போனது. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் லிவர்பூல் ஆட்டம் ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. கூட்ட நெரிசலில் கம்பி வேலிக்குள் நசுங்கி இறந்தவர்கள் இன்றைய கணக்கில் 97 பேர். எவர்டன் ஆதரவாளர்கள் வென்ற சந்தோசத்தோடு வெளியே வந்து கேட்டது தங்கள் அண்ணன் தம்பி, அயலவர், மச்சான் போயிருந்த இடத்துச் செய்தியை. அடுத்த சனிக்கிழமை குடிசனிலிருந்து ஆன்ஃபீல்ட் வரை, பூங்கா ஊடாக, நீலமும் சிவப்புமாகக் கழுத்துச் சால்வைகளை முடிச்சுப் போட்டு ஒரே கயிறாக இழுத்துக் கட்டினார்கள். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், நான் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். அதன்பின் லிவர்பூல் லீக்கில் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டமும் குடிசனில், எவர்டனோடுதான். அந்த வருட இறுதியாட்டத்திலும் அதே இரண்டு அணிகள், லிவர்பூல் 3-2.

2012 இல் எவர்டன் குடிசனில் நியூகாசிலோடு ஆடியபோது ஒரு சிறுமியை நீல உடையிலும் ஒரு பையனைச் சிவப்பு உடையிலும் கை கோர்த்து மைதானத்துக்குள் அனுப்பினார்கள், முதுகில் 9, 6 என்று எண்கள். ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களின் கணக்கு அப்போது 96. எதிரிக் கழகத்தின் உடையைத் தன் சொந்த மைதானத்தில் போட்டு அழைத்து வரும் கழகம் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): எண்பதுகளில் எவர்டன்தான் பெரிய அணி என்று எங்கள் பெரியப்பா சத்தியம் செய்கிறார். அப்படியானால் பிறகு என்ன ஆனது?

பதில்: பெரியப்பா சரியாகத்தான் சொல்கிறார். 1985 இல் முகாமையாளர் ஹவர்ட் கெண்டலின் எவர்டன் லீக்கையும் வென்று, ரொட்டர்டாமில் ரப்பிட் வியன்னாவை 3-1 என்று வீழ்த்தி ஐரோப்பிய கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தையும் எடுத்தது. அடுத்த பருவம் ஐரோப்பாவின் பெரிய கிண்ணத்துக்குப் போக வேண்டியவர்கள். ஆனால் அந்த வெற்றிக்கு இரண்டு கிழமை கழித்து பிரசல்சின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல், ஜுவென்டஸ் இறுதியாட்டம். லிவர்பூல் ஆதரவாளர்கள் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர். இங்கிலாந்துக் கழகங்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடத் தடை விழுந்தது.

லிவர்பூல் ஆதரவாளனாக இதை எழுதுவது எனக்கு லேசாக இல்லை. இறந்தவர்களின் இழப்புக்கு முன்னால் ஒரு கிண்ணம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் எவர்டன்காரர்களின் மனத்தாங்கல் நியாயமானது. 1987 இல் மறுபடி சாம்பியனானபோதும் கதவு மூடித்தான் இருந்தது. கெண்டல் ஸ்பெயினின் பில்பாவோவுக்குப் போனார், நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தடை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், பிற்காலத்தில் பணத்தைக் கையாண்ட விதத்திலும் எக்கச்சக்கமான பிழைகள். 2023-24 பருவத்தில் நிதி விதிகளை மீறியதற்காக மொத்தம் 8 புள்ளிகள் வெட்டப்பட்டன. கடைசியாக அவர்கள் கையில் பெரிய கிண்ணம் இருந்தது 1995 இல், எஃப்.ஏ. கிண்ணம், மன்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று.

கேள்வி (கொள்ளுப்பிட்டி வாசகி): நம் ஊரில் இப்படி ஒரு ஜோடி உண்டா?

பதில்: உதைபந்தாட்டத்தில் இந்த அளவுக்கு இல்லை. ரோயல், தோமியன் பெரிய ஆட்ட நாளில் கொழும்பில் நடப்பதைத்தான் சொல்லலாம், அது கிரிக்கெட்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, 13 வயது வாசகர்): நான் எவர்டன். வகுப்பில் எல்லாரும் லிவர்பூல், சிட்டி, ஆர்சனல். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் மாறிவிடவா?

பதில்: மாறாதீர்கள் தம்பி. லிவர்பூல்காரன் சொல்கிறேன், மாறவே வேண்டாம்.

பட்டம் வெல்லும் அணியை ஆதரிப்பது சுகம்தான், நான் அதை அனுபவித்தவன். ஆனால் 2022 மே மாதம் கிறிஸ்டல் பலஸோடு 0-2 என்று பின்னால் இருந்து 3-2 என்று திரும்பி, கீழ்ப் பிரிவுக்குப் போகாமல் தப்பிய இரவில் குடிசனில் ஆட்கள் அழுததைப் பார்த்தேன். ஒரு கிண்ணமும் இல்லாமல் அப்படி அழும் சந்தோசம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அதற்கு அடுத்த வருடமும் கடைசி நாளில் டூகூரே அடித்த ஒற்றைக் கோலில்தான் தப்பினார்கள்.

அப்புறம் 2025 பெப்ரவரி, குடிசனில் நடந்த கடைசி டெர்பி. இங்கே நமக்கு நவம் போயா முடிந்து நள்ளிரவு ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. லிவர்பூல் 2-1 என்று முன்னால், நான் டிவியை நிறுத்த ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டேன். 98ஆவது நிமிடத்தில் டார்கோவ்ஸ்கி காற்றிலேயே அடித்தார் ஒரு அடி. பந்து வலைக்குள். மேல்மாடி வீட்டு எவர்டன் அண்ணா போட்ட சத்தத்தில் கீழே காவலாளி எழும்பி விளக்கைப் போட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அந்த மைதானத்துக்கு அப்படி ஒரு விடைதான் பொருத்தம் என்றும் தோன்றியது. 133 வருடம் ஆடிய இடம் அல்லவா? 1980 இல் டிக்ஸி டீன் உயிர் விட்டதுகூட அங்கேதான், டெர்பி பார்த்துக்கொண்டிருந்தபோது.

இப்போது எவர்டனின் ஆண்கள் அணி மெர்சி ஆற்றங்கரையில், பிரம்லி மூர் என்ற பழைய கப்பல் துறையில் கட்டிய புதிய மைதானத்தில் ஆடுகிறது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஆட்கள் உட்காரலாம். குடிசனை இடிக்காமல் பெண்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கொட்டாஞ்சேனையிலும் மேல்மாடியில் ஏறி நின்றால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியுமே, அதேபோல ஒரு துறைமுகப் பக்கம்தான் அது. அடுத்த டெர்பிக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தச் சிரிக்கும் நண்பர்களையும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஆன்ஃபீல்டில் முதல் லீக் பட்டம் வென்றது யார் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.