கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: எஸ்எஸ்டியா, ராமா, எது முதலில்?

கேள்வி: 2013-ல் வாங்கிய ஐ3 கம்ப்யூட்டர். எச்61 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு காபி குடித்து வந்தாலும் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ராம் கூட்டவா, எஸ்எஸ்டி போடவா? எச்61-ல் எஸ்எஸ்டி போட்டால் காசுக்குத்தான் கேடு என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. உங்கள் போர்டிலுள்ள எச்61 சிப்செட்டின் சாட்டா போர்ட்கள் (டிஸ்க் கேபிள் மாட்டும் இடங்கள்) நொடிக்கு 3 கிகாபிட் வகை. அட்டையில் நொடிக்கு 550 எம்பி என்று போட்டிருக்கும் எஸ்எஸ்டி அதில் 280-ஐத் தாண்டுவது கடினம். ஆனால் விண்டோஸ் ஆன் ஆகும்போது ஒரே பெரிய ஃபைலைப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை டிஸ்க்கின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் எடுக்கிறது. ஹார்ட்டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஹெட் நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். நொடிக்கு நூறு தடவை எடுத்தாலே அதிகம். எஸ்எஸ்டிக்கு அது ஆயிரக்கணக்கில் சாத்தியம். நீங்கள் காத்துக்கிடப்பது இந்த இடத்தில்தான்; பழைய சாட்டா போர்ட் இதற்குக் குறுக்கே நிற்காது.

240 அல்லது 256 ஜிபி போதும். சி டிரைவில் நிரம்பியிருப்பது அதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எஸ்எஸ்டி கம்பெனி இலவசமாகத் தரும் குளோனிங் மென்பொருளால் நகலெடுங்கள். முடிந்ததும் ஷட் டவுன் செய்து, ஹார்ட்டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் தடவை ஆன் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் இரண்டுக்கும் ஒரே டிஸ்க் அடையாள எண் இருக்கும். விண்டோஸ் குழம்பிப்போய் பழையதிலிருந்தே கிளம்பிவிடும், நீங்களோ "எஸ்எஸ்டி போட்டும் வேகமில்லையே" என்பீர்கள். எஸ்எஸ்டியில் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகு ஹார்ட்டிஸ்க்கை மாட்டி, ஃபோட்டோ, பாட்டு வைக்கப் பயன்படுத்தலாம்.

பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) சாட்டா மோட் பழைய முறையான 'ஐடிஇ' என்றிருந்தால், எஸ்எஸ்டிக்கு ஏற்ற 'ஏஎச்சிஐ'க்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் நீலத் திரைதான் வரும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள் போய் மோடை மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை திறந்துவிட்டால் டிரைவர் ஏறிவிடும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ராம் இரண்டாவது. 8 ஜிபி ஆக்கினால் பிரௌசரில் பத்து டேப் திறந்தாலும் திணறாது.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டு நன்றாக ஓடியது. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த பிறகு ஆன் செய்தால் நீலத் திரை. பயாஸில் தேதி 2011 காட்டுகிறது. எஸ்எஸ்டி போய்விட்டதா?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தேதியைக் கவனித்தது நல்லதாய்ப் போயிற்று. போயிருப்பது போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியாகத்தான் இருக்கும். அது தீர்ந்தால், மெயின் சப்ளை நின்றதும் பயாஸ் எல்லா அமைப்பையும் மறந்து கம்பெனி அமைப்புக்குப் போய்விடும். பல பழைய போர்டுகளில் அது 'ஐடிஇ' மோட். உங்கள் விண்டோஸோ 'ஏஎச்சிஐ'யில் ஓடிப் பழகியது. அதனால்தான் நீலத் திரை.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பேட்டரி ஓரத்துக் கிளிப்பைத் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரிய வையுங்கள். பயாஸில் தேதியைச் சரிசெய்து, மோடை 'ஏஎச்சிஐ' ஆக்கி, எஃப்10 அழுத்தி சேமித்தால் போதும். பத்து வருடம் தாண்டிய கம்ப்யூட்டரில் எந்தப் பாகம் மாற்றினாலும் இந்தப் பேட்டரியையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த 8 ஜிபி டிடிஆர்3 ராம் வாங்கினேன். என் இன்டெல் போர்டில் டிஸ்பிளே வரவில்லை, பீப் சத்தம் மட்டும். பழைய 4 ஜிபியைப் போட்டால் ஓடுகிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: பொருள் விவரத்தில் எங்காவது பொடி எழுத்தில் 'ஏஎம்டி ஒன்லி' என்று இருக்கிறதா பாருங்கள். இந்த மலிவு ராம்களில் 'எக்ஸ்4' வகைச் சிப் இருக்கும். சாதாரண இன்டெல் டெஸ்க்டாப்களால் அதைப் படிக்க முடியாது. ஸ்லாட்டை மாற்றினாலும் பயாஸ் அப்டேட் செய்தாலும் பலனில்லை, திருப்பி அனுப்புங்கள். உங்கள் போர்டுக்கு 8 ஜிபி என்றால் லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்றிருக்க வேண்டும். 'பிசி3-12800ஆர்' என்று கடைசியில் 'ஆர்' வந்தால் அது சர்வரில் கழற்றிய ராம், அதுவும் வேலைக்கு ஆகாது. 'பிசி3எல்' என்றிருந்தால் அது 1.35 வோல்ட் ராம், சாதாரண டிடிஆர்3-இன் 1.5 வோல்ட்டிலும் ஓடும், தைரியமாக வாங்கலாம்.

லேபிள் சரியாக இருந்தும் பீப் வந்தால், தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், முலாம் போய்விடும். இருபுறமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

கேள்வி: 8 ஜிபி ராம் போட்டும் 3.2 ஜிபிதான் பயன்படுகிறது என்று காட்டுகிறதே?
- வாசகர், காரைக்குடி

பதில்: உங்களுடையது 32-பிட் விண்டோஸ். 64-பிட்டைப் புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். பழையதன் மேலேயே ஏற்ற முடியாது. பிரின்டர், ஸ்கேனருக்கு 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆபீஸில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, சின்ன கேபினட், ஐ5-4590 வாங்கினேன். மகளின் வீடியோ எடிட்டிங்குக்காக ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. கடையில் கிடைப்பதில் இருப்பது 24 பின். உங்கள் போர்டில் டெல்லின் சொந்த 8 பின். இடமும் பத்தாது. ஜிடி 1030 எடுப்பது 30 வாட்தான், உயரம் குறைந்த மாடலாக இருந்தால் இப்போதுள்ள 255 வாட் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓடும். ஆனால் அந்தக் கார்டில் வீடியோ என்கோடர் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் பகுதி) கிடையாது, எக்ஸ்போர்ட் வேகமாகாது. உங்கள் ஐ5-க்குள்ளேயே 'குயிக் சிங்க்' என்ற என்கோடர் இருக்கிறது. எடிட்டிங் மென்பொருளின் எக்ஸ்போர்ட் பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தாலே வித்தியாசம் தெரியும். கார்டு காசை 16 ஜிபி ராமில் போடுங்கள். இரண்டு 8 ஜிபியாக, ராமுக்கான இரண்டு சேனலிலும் (பாதையிலும்) ஒவ்வொன்று வருமாறு.

இன்னொன்று: 4-வது தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதனால் ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் மேல் இந்த மெஷினில் செலவழிக்க வேண்டாம்.