பத்திரம் என் பேரில் இருக்கிறது, அம்மா தடுக்க முடியுமா?

கேள்வி: கும்பகோணம் வீட்டை 2019-ல் அம்மா எனக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். பட்டாவும் மாறிவிட்டது. அதை விற்றுவிட்டுக் கோவையில் ஃபிளாட் வாங்க நினைக்கிறேன். 71 வயதாகும் அம்மா, 'நான் இங்கேதான் இருப்பேன்' என்கிறார். என் சொத்தை விற்க எனக்கு உரிமை இல்லையா?

பதில்: இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். ஒரிஜினலை எடுத்து, சொத்து விவரத்துக்கு முந்தைய பத்திகளைப் படியுங்கள். 'என் ஆயுட்காலம் வரை நானே அனுபவித்துக்கொண்டு' என்பதுபோல ஒரு வரி இருந்தால், அம்மாவை வெளியேற்ற முடியாது. வாங்குபவரும் அந்த உரிமைக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்க வேண்டும்.

அப்படி ஒரு வரி இல்லையா? 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், 23-வது பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க அம்மா ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு கொடுக்கலாம். அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தாக வேண்டுமா என்பதில்தான் இழுபறி. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது 2022-ல் உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், முதியோருக்கான இந்தச் சட்டத்தைத் தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அந்த மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பு பாசத்தின் பேரில் எழுதிக் கொடுத்ததிலேயே நிபந்தனை மறைந்திருக்கிறது என்றது. நம் ஊர் செட்டில்மெண்டில் 'அன்பினாலும் பிரியத்தினாலும்' இல்லாத பத்திரம் அபூர்வம். உங்களுடையதிலும் பாருங்கள்.

விற்பது குற்றமில்லை. விற்ற பிறகு அம்மா எங்கே இருப்பார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. நான் பார்த்த மனுக்களில் 'சோறு போடவில்லை' என்பதைவிட, 'கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டான்' போன்றவைதான் அதிகம். பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதனால் அட்வான்ஸ் வாங்கும் முன் அம்மாவைக் கோவைக்கு அழைத்துப்போய் ஃபிளாட்டைக் காட்டுங்கள். கீழ்த்தளமா, பக்கத்தில் கோயில் உண்டா, அவருக்குத் தனி அறை உண்டா என்று அவரே பார்க்கட்டும். புதிய வீட்டை இருவர் பேரிலும் வாங்குங்கள். இல்லையென்றால் அவருக்கு ஆயுள்கால உரிமையைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். பழைய வீட்டின் கிரயப் பத்திரத்தில் அவரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்குங்கள், விவரமான வக்கீல் எப்படியும் கேட்பார்.

அப்புறமும் மாட்டேன் என்றால், இப்போதைக்கு விற்பனையைத் தள்ளிப்போட்டு, மாடி இருந்தால் அதை வாடகைக்கு விடுங்கள்.