கவனத்துக்கு மாத்திரை

அன்புள்ள ஐயா,

மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் கூடினால் கவனம் கூடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். என் மகன் பத்தாம் வகுப்பு. புத்தகத்தை விரித்தால் பத்து நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான். அதற்கு மாத்திரை விற்கிறார்களாம், வாங்கிக் கொடுக்கலாமா? கவனம் என்பதே வெறும் ரசாயனம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

வாங்காதீர்கள். முதலில் பையனின் கண்ணைப் பரிசோதியுங்கள். கடைசிக் கேள்வி தத்துவக்காரர்கள் பாடு, எனக்கு அதில் ஆர்வமில்லை.

என்னால் பொறுக்க முடியாதது அந்தக் 'கூடினால் கூடும்'தான். டோபமின் என்றால் மகிழ்ச்சி, செரட்டோனின் என்றால் நிம்மதி என்று மளிகைச் சீட்டு மாதிரி ஒப்பிக்கிறார்கள், படித்த நீங்களும் தலையாட்டுகிறீர்கள். அசிட்டைல்கோலினுக்கென்று தனி வேலை எதுவும் கிடையாது. இதயத்தில் துடிப்பைக் குறைப்பதும் அதுதான், கைத்தசையைச் சுருங்க வைப்பதும் அதுதான். என்ன வேலை என்று முடிவுசெய்வது, செல்லின் மேல் இருந்து அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பி.

மூளையின் மேலடுக்கில் பார்வையைக் கவனிக்கும் இடம் பார்வைப் புறணி, அதன் முதல் பகுதியான வி1-இலேயே பாருங்கள். கண்ணிலிருந்து மூளை நடுவிலுள்ள தாலமஸ் வழியாகச் செய்தி வந்து இறங்கும் அடுக்கில் நிகோடினிக் என்ற வகை ஏற்பிகள் உண்டு, அவை தூண்டப்பட்டால் மங்கலான கோட்டுக்கும் நியூரான் பதில் சொல்கிறது. கவனம் வேறு கதை. 2008-இல் நரம்பியல் ஆய்வாளர் தீலேயின் குழுவினர் குரங்குகளைத் திரையில் ஒரு புள்ளியையே பார்க்க வைத்து, மனத்தை மட்டும் ஒரு கோட்டின் மேல் வைக்கப் பழக்கினார்கள். கண் அசையவில்லை, கோடும் மாறவில்லை, ஆனால் கவனம் வந்ததும் அந்தக் கோட்டுக்குப் பதில் சொல்லும் வி1 நியூரானின் மின்துடிப்பு மாறியது. பக்கத்தில் நுண்குழாய் வழியாகத் துளி ஸ்கோப்பலமின் என்ற மருந்தை விட்டு, இன்னொரு வகையான மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்ததும் அந்த வித்தியாசம் குறைந்துபோனது. நிகோடினிக் ஏற்பிகளை அடைத்தபோது அப்படித் தெளிவான விளைவு எதுவும் இல்லை. ஒரே அசிட்டைல்கோலின், ஒரே பகுதி, இரண்டு ஏற்பி, இரண்டு வேலை! அதை அப்படியே விழுங்கினாலும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, அப்புறம் எந்த ஏற்பியைப் போய்ப் பிடிக்கும்?

உங்கள் கடிதம் வந்தபோது நான் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். வரிக்குக் கீழே ஓர் அட்டைத் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு முறை வாசிப்பார், முதல் தடவை பொருளுக்கு, இரண்டாம் தடவை எழுத்துக்கு மட்டும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'திருமனம்' என்று விழுந்திருந்தது. முதல் தடவை அதைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டாம் தடவை விரல் அந்த 'ன'வில் டக்கென்று நின்றது. அதே காகிதம், அதே நாற்பது வாட் பல்பு, அதே கண். "இப்பதான்டா எழுந்து நிக்குது" என்றார். பத்து வயதில் எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது. தீலே குழுவின் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, உங்கள் பையன். அவனைத் திட்டாதீர்கள், பாவம். எதைப் பார்க்கும்போது அவன் அசையாமல் உட்காருகிறான்? ஒரு வாரம் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.