வேலையை விட்டால் மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்?

கேள்வி: வணக்கம் மேடம். கோவையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 34. வீட்டிலிருந்தே ஆரி வேலை ஆர்டர் எடுத்துச் செய்யலாம் என்று ராஜினாமா கொடுத்துவிட்டேன். அடுத்த மாதத்தோடு வேலை முடிகிறது. கணவர் சொந்தக் கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறார். ஐந்து வயதில் ஒரு பையன். அலுவலகத்தில் எங்கள் மூவருக்கும் என் அம்மாவுக்கும் சேர்த்து 5 லட்சத்துக்குக் காப்பீடு இருந்தது. அது இனி இல்லை. அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. அப்பா காலமான பிறகு பவானியில் தனியாக இருக்கிறார், ரேஷன் கார்டும் தனிதான். விதவை ஓய்வூதியம் தவிர வேறு வருமானம் இல்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "நாலு பேரையும் ஒரே பாலிசியில் போட்டுவிடலாம், அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதை எழுதாதீர்கள், பிரீமியம் ஏறிவிடும்" என்கிறார். வருடத்துக்கு 25,000 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. என்ன செய்யலாம்? மாதத் தவணையில் கட்டலாமா?
- வாசகி, பெருந்துறை

பதில்: வேலை முடிவதற்கு முன்பே கேட்டீர்களே, அது பெரிய விஷயம். பலர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டுதான் கேட்கிறார்கள்.

முதலில் அந்த ஏஜென்ட் சொன்னதற்கு வருகிறேன். தயவுசெய்து அம்மாவின் சர்க்கரையை மறைக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்தில், பணம் கேட்டு வரும் மனுக்களைப் பார்க்கும் க்ளெய்ம் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மறைத்தது எப்படி வெளியே வரும் தெரியுமா? கம்பெனி துப்பறிய வேண்டியதே இல்லை. அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா சுகர் இருக்கு?" என்று கேட்பார். அம்மா உள்ளதைச் சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும், பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். பாலிசி எடுத்து இரண்டு வருடம், சர்க்கரை எட்டு வருடமாக என்று அந்தத் தாளே சொல்லிவிடும். அப்புறம் க்ளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகலாம். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்கள் விண்ணப்பத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தெரியாது. ஏஜென்ட் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று நிரப்பியிருப்பார், இவர்கள் போனில் வந்த ஓ.டி.பி.யைச் சொல்லியிருப்பார்கள். அந்த ஓ.டி.பி.தான் உங்கள் கையெழுத்து. நிரப்பிய விண்ணப்பத்தை வாங்கிப் படிக்காமல் அதைச் சொல்லாதீர்கள்.

ஐந்து வருடம் விடாமல் கட்டிவிட்டால் மறைத்ததைக் காரணம் காட்டிக் க்ளெய்மை மறுக்க முடியாது என்றும் சிலர் சொல்வார்கள். 60 மாத விதி இருப்பது உண்மை. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அந்த விதி காப்பாற்றாது. அதோடு அந்த ஐந்து வருடத்துக்குள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று யார் உறுதி தருவார்கள்?

அடுத்து, நாலு பேருக்கும் ஒரே பாலிசி வேண்டாம். ஒரே தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டர் பாலிசியில் இருப்பவர்களில் யாருக்கு வயது அதிகமோ, அவரை வைத்துத்தான் பிரீமியம் கணக்கிடுவார்கள். 62 வயதுக்கான விலையை 34 வயதுக்காரரும் ஐந்து வயதுப் பையனும் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும். அம்மாவைத் தனியாகப் பிரியுங்கள்.

அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். தனி ரேஷன் கார்டும் ஓய்வூதியம் மட்டுமே வருமானமும் உள்ள உங்கள் அம்மா நேர்மையாகவே தகுதி உள்ளவர். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், வி.ஏ.ஓ. விசாரித்த பின் தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். அதோடு ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஈரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போங்கள். வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் அரசே கட்டுகிறது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது என்று ஒதுக்க மாட்டார்கள். ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் மட்டும்தான் செல்லும். இதய அறுவை, டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை போன்ற பெரிய செலவுகள் அதில் உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்கு ஓ.பி. பார்த்துவிட்டு வருவதற்கு உதவாது. இதை ஏழைகளுக்கான அட்டை என்று கூச்சப்பட்டுத் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். நம் வரிப்பணத்தில் நடக்கும் திட்டம் அது.

இதற்கு மேல் கையில் பணம் மிஞ்சினால் அம்மா பெயரில் 'ஆரோக்கிய சஞ்சீவனி' எடுக்கலாம். 2020-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி விதிகளோடு கொண்டுவந்த பாலிசி இது. விதிகள் ஒன்று, பிரீமியம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒப்பிடுவது சுலபம். க்ளெய்மில் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய். இந்த அறை வாடகையில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 5,000 ரூபாய் அனுமதி இருக்கும்போது 8,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் 3,000 மட்டும் போகும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவி போன்ற செலவுகளைத் தவிர டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்றவையும் அதே விகிதத்தில் குறையும். அந்தச் செலவு 1,20,000 ரூபாய் என்றால் 75,000-தான் கணக்கில் வரும். ஆகவே அட்மிஷன் கவுண்டரிலேயே அறை வாடகையைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

உங்கள் மூவருக்கும் வருகிறேன். நாளைக்கே எச்.ஆர்.க்கு மெயில் போட்டு, அலுவலகக் குழுக் காப்பீட்டை வழங்கும் நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், நீங்கள் எந்தத் தேதியிலிருந்து அதில் இருக்கிறீர்கள் என்ற விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். குழுக் காப்பீட்டில் இருந்தவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதியில் இடம் உண்டு. இதை மைக்ரேஷன் என்பார்கள். ஏற்பதும் பிரீமியம் சொல்வதும் நிறுவனத்தின் கையில்தான். ஆனால் ஏற்றுக்கொண்டால், இத்தனை வருடம் இருந்தது காத்திருப்புக் காலத்தில் கழியும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அம்மாவும் அந்தக் குழுவில் இருந்ததால் அவருக்கும் சேர்த்தே கேளுங்கள். சர்க்கரைக்காரருக்கு இது பெரிய லாபம். வேலை முடியும் நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

அவர்கள் தரும் விலை கட்டுப்படியாகாவிட்டால், மூவருக்கும் 5 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டரும் அதன்மேல் ஒரு சூப்பர் டாப்-அப்பும் எடுங்கள். டாப்-அப் என்பது ஒரு வரம்புக்கு மேல் போகும் பில்லுக்குப் பணம் தரும் கூடுதல் பாலிசி. சாதா டாப்-அப் வேண்டாம். ஒரே வருடத்தில் 4 லட்சமும் 3 லட்சமுமாக இரண்டு பில் வந்தால், 5 லட்சத்துக்கு மேல் கொடுக்கும் சாதா டாப்-அப் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, மிச்சம் 2 லட்சத்தைத் தரும். உங்கள் வயதுக்கு இவை பெரும்பாலும் 25,000-க்குள் அடங்கும். கணவர் பழைய விலைப் பட்டியல் வைத்திருந்தால் தூக்கிப் போடுங்கள்; 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கிடையாது. பாலிசி கைக்கு வந்ததும் படியுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஈரோட்டிலும் பெருந்துறையிலும் நீங்கள் நிஜமாகப் போகக்கூடிய ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது கம்பெனியே நேராக பில் கட்டும் ஆஸ்பத்திரிகளில், இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மாதத் தவணையில் கட்டலாம். தவணை தவறினால் 15 நாள்தான் அவகாசம், வருடக் கட்டணத்துக்கு 30 நாள். பல பாலிசிகளில் க்ளெய்ம் வந்தால் மீதித் தவணைகளை அந்தத் தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். டாக்ஸி வருமானம் ஏறி இறங்கும் என்பதால், முடிந்தால் உங்கள் கடைசிச் சம்பளமும் செட்டில்மென்டும் வரும்போதே ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.