கைதானவர் பெயரைப் போடலாமா? செய்தி ஆசிரியரிடம் சில கேள்விகள்

கேள்வி: எஃப்.ஐ.ஆரில் பெயர் இருக்கிறது. அப்படியே போடலாமா, சார்?

ஒருவர் கொடுத்த புகாரைப் பதிவு செய்த தாள்தான் அது. வெறும் புகாரா, கைதா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் உங்களையே ஒன்று கேளுங்கள்: தீர்ப்பு வரும்வரை இந்த வழக்கை நாம் எழுதுவோமா? மாட்டோம் என்றால் பெயர் வேண்டாம். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2021இல் இதே காரணத்தால்தான் சில்லறைக் குற்றச் செய்திகளில் பெயர் போடுவதை நிறுத்தியது. கைதோடு செய்தி நின்றுவிடும். பெயர் மட்டும் இணையத் தேடலில் கிடந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: ‘கூறப்படுகிறது’ என்று சேர்த்துவிட்டால் அவதூறு வழக்கு வராதுதானே?

வரும்.

கேள்வி: குழந்தை மீதான பாலியல் வழக்கு. குழந்தையின் பெயரை மறைத்துவிட்டோம். கைதானவர் பெயரைப் போடலாம் அல்லவா?

கைதானவர் யார்? ‘மகளிடம் அத்துமீறிய தந்தை’ என்று தலைப்பு வைத்து, கீழே அவர் பெயர், வயது, தெரு என்று கொடுத்தால் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் மிச்சமிருக்காது. மாமா, பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர் என்றாலும் ஏறக்குறைய இதே கதிதான். இந்தியாவின் போக்சோ சட்டம் 23ஆவது பிரிவு குழந்தையின் பெயரோடு நிற்பதில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்னொரு சிக்கல்: ஒரு நாளிதழ் உறவைச் சொல்லிப் பெயரை விடும், இன்னொன்று பெயரைச் சொல்லி உறவை விடும். இரண்டையும் படித்தவருக்கு வேலை முடிந்தது. அதனால் உறவு, பெயர் இரண்டில் எதை விடுவது என்பதை மற்றவர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பெயரே வராவிட்டால், இரவில் பிடித்துப் போனவர் எங்கே என்று யார் கேட்பது? நீங்கள் சொல்வது காவல்துறைக்கு வசதியான வாதம்.

நியாயமான கேள்வி. ரகசியக் கைதுக்குப் பெயர்தான் மருந்து. ஆளைக் காணோம் என்று குடும்பம் வந்து நின்றால் பெரிய எழுத்திலேயே போடுங்கள். அதிகாரத்தில் இருப்பவர் மீதான புகாரிலும் மறைக்காதீர்கள்.

கேள்வி (அவரே மீண்டும்): அப்படியானால் குடும்பம் விரும்பினால் போடலாம், காவல்துறை விரும்பினால் கூடாதா?

கிட்டத்தட்ட அப்படித்தான். பெயரைத் தருபவருக்கு அதனால் என்ன லாபம் என்று பார்க்க வேண்டும். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் குண்டுவெடிப்பில் குண்டு இருந்த பையைக் கண்டுபிடித்து மக்களை நகர்த்திய காவலாளி ரிச்சர்ட் ஜுவல். அவரையே சந்தேகிக்கிறார்கள் என்ற தகவல் கசிந்ததும் ஊடகங்கள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டன. அவர் மீது வழக்கே பதிவாகவில்லை. உண்மைக் குற்றவாளி 2005இல் ஒப்புக்கொண்டார். அந்தக் கசிவால் யாருக்கு நன்மை? சரி, இதோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ‘கூறப்படுகிறது’ போட்டால் போதுமா?

மேலே இதே கேள்விக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கைதானவர் 17 வயதுப் பையன். பெயரின் முதல் எழுத்து மட்டும்?

அதுவும் வேண்டாம். படமும் பள்ளியும் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு.

கேள்வி: என் அண்ணன் விடுதலையாகிவிட்டார், பழைய செய்தி அப்படியே இருக்கிறது. எவ்வளவு நஷ்டஈடு கேட்கலாம்?

அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள். முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். தீர்ப்பு நகலை இணைத்து, விடுதலையைச் செய்தியின் தலைப்பிலேயே சேர்க்கும்படி ஆசிரியருக்கு எழுதுங்கள். கடைசி வரியில் சேர்க்கிறோம் என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.